பை முன்பக்கம் இருக்கட்டும்

அயர்லாந்தின் கார்க் விமான நிலையத்தில் நடந்ததை நுவாலா இன்னும் விழுங்கவில்லை.

அவளுடைய பெட்டியின் சக்கரம் கைப்பெட்டியின் அளவைச் சரிபார்க்க வைத்திருந்த கூண்டுக்குள் இறங்க மறுத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அவள் முகம் சிவந்து அபராதம் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே டிம்ப்னா தன் துணிப்பையை, தலையணைக்கு உறை போடுவதுபோல, அலட்டாமல் உள்ளே செருகி எடுத்துக்கொண்டு போனாள். லிஸ்பனுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகும் அந்தக் காட்சி நுவாலாவின் தொண்டையிலேயே நின்றது.

இத்தனைக்கும் அந்தக் குடும்பத்தில் பயணம் என்றால் நுவாலாதான். அம்மா நோரீன் இருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் அலங்காரத்தைக் கழற்றிய கையோடு தாயும் மகளும் சமையலறையில் உட்கார்ந்துவிடுவார்கள். செவில், ப்ராக், ரோம். எந்த வாரம் போனால் டிக்கெட் மலிவு, எந்தத் தெருவில் தங்கினால் இரவில் சத்தம் இருக்காது, எல்லாம் நுவாலா சொல்வாள். புதுக் காலணி யாரும் போடக் கூடாது, பழகியதைப் போடுங்கள் என்பாள். தேவாலயத்துக்குள் போகத் தோள் மூட வேண்டும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள் என்பாள். அவள் சொன்னது அப்படியே நடக்கும்.

அம்மா போன பிறகு யாரும் எங்கும் போகவில்லை. இந்த வசந்தத்தில்தான் அப்பா கோர்மக் தானாக வாயைத் திறந்து, லிஸ்பன் போய்விட்டு வரலாமா என்று கேட்டார். நுவாலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகை கண்ணுக்கு வந்து சேருவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டார்.

"டிம்ப்னாவும் வர்றா."

டிம்ப்னா வாட்டர்ஃபோர்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கணவனை இழந்தவள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நடைப்பயணக் குழுவோடு மலையேறப் போகிறாரே, அங்கே பழக்கமானவள். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, சாம்பல் நிறத்தில் தட்டையான காலணி. யாரையும் அதட்டாத குரல். அந்தக் குரல்தான் நுவாலாவுக்கு முதலில் பிடிக்காமல் போனது.

பெட்டி விஷயத்தையாவது மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத இன்னொன்றும் விமான நிலையத்தில் நடந்தது. அப்பாவின் பாஸ்போர்ட்டை எப்போதும் நுவாலாதான் வைத்திருப்பாள். அவர் எதையும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆள். இந்த முறை கோட்டுப் பையிலிருந்து எடுத்தார், மகளைத் தாண்டிக் கையை நீட்டினார். "நீயே வெச்சுக்கோ, டிம்ப்னா" என்றார். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை நகர்த்துவது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

நீட்டப் போன தன் கையை நுவாலா முடியைச் சரி செய்யப் பயன்படுத்திக்கொண்டாள்.



திங்கட்கிழமை காலை. மறுநாள் விடிந்ததும் ஊருக்கு விமானம். கடைசி நாளை வீணடிக்கக் கூடாது என்று நுவாலா உறுதியாக இருந்தாள்.

வாடகை வீட்டின் சின்னச் சமையலறையில் அப்பா, ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பையை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தார். தங்கை க்ளோடா அரைத் தூக்கத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் இல்லாத ஊரில் தூங்குவதைவிடப் பெரிய சுற்றுலா அவளுக்கு இல்லை.

இன்றைக்கு ஓட்டுச் சித்திரங்களின் அருங்காட்சியகம் என்று அறிவித்தாள் நுவாலா. அம்மா பார்க்க ஆசைப்பட்ட, சுவரில் பதிக்கிற நீலச் சித்திர ஓடுகள். வயதானவர்களுக்கு அங்கே பாதிக் கட்டணம், ஆனால் வயதுக்கு அத்தாட்சி கேட்பார்கள், அதனால் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

டிம்ப்னா கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே போகும்போது பாஸ்போர்ட்டை ரூமிலேயே பூட்டி வைத்துவிட்டு, போனில் ஒரு படம் மட்டும் வைத்துக்கொள்வது தன் வழக்கம் என்றாள். பிறகு ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "இன்னிக்குத் திங்கட்கிழமையாச்சே, திறந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"நான் எல்லாம் பாத்தாச்சு" என்றாள் நுவாலா.

பார்த்திருந்தாள்தான். எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்திருந்தாள். எந்தக் கிழமை விடுமுறை என்று பார்க்கவில்லை.

டிம்ப்னா எழுந்து அறைக்குப் போய், இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு நீலச் சுருக்குப் பையில் போட்டு, அதைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். "நீ சொன்னா சரிதான்" என்று நுவாலாவைப் பார்த்துச் சிரித்தாள். விட்டுக்கொடுக்கிற அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நுவாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளம்பும்போது நுவாலா வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னாள். வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டும்போதெல்லாம் சொல்வது.

"டிராம்ல கூட்டமா இருக்கும். பை முன்பக்கம் இருக்கட்டும்."

எல்லாரும் பையை நெஞ்சுக்கு நேரே இழுத்துக்கொண்டார்கள். டிம்ப்னாதான் முதலில்.



அருங்காட்சியகத்தின் பெரிய கதவு சாத்தியிருந்தது.

க்ளோடா பலகையருகே போய் விரலை வைத்துப் படித்தாள். பிறகு திரும்பி, "அக்கா, திங்கட்கிழமை லீவு" என்றாள்.

"ஓடெல்லாம் தூங்குது போல. தூங்கட்டும்" என்றார் அப்பா.

நுவாலா டிம்ப்னாவின் முகத்தைத் தேடினாள். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு புருவமாவது உயரும் என்று எதிர்பார்த்தாள். டிம்ப்னா தெருவோரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பெருந்தன்மையோடு எப்படிச் சண்டை போடுவது?

நுவாலா போனை எடுத்து வேறு இடம் தேடத் தொடங்கினாள். வெயிலில் திரை தெரியவில்லை. அதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

"டிம்ப்னா, நீ சொல்லேன். எங்க போகலாம்?"

ஆற்றுக்கு அக்கரை போகலாம் என்றாள் டிம்ப்னா. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிற படகு இருக்கிறது, சுற்றுலாப் படகு மாதிரி விலை இல்லை, அந்தப் பக்கம் கசீல்யாஸில் மீன் சுடுகிற கடைகள் இருக்கின்றன. வாசலில் ஆள் நின்று சாப்பிடக் கூப்பிடுகிற கடைக்குப் போகாமல், உள்ளூர் ஆட்கள் கும்பலாக உட்கார்ந்திருக்கிற கடைக்குப் போனால் போதும்.

நுவாலா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் சொல்ல வேண்டிய வாக்கியங்கள். அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியவை. அவற்றை இன்னொருத்தி சொல்ல, அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

மீன்கடையில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவின் கை நீண்டது. நுவாலா சட்டென்று தடுத்தாள்.

"தொடாதீங்கப்பா. இது சும்மா குடுக்கறதில்ல, தொட்டா பில்லுல ஏறும்."

"உண்மைதான்" என்றாள் டிம்ப்னா. "நல்லவேளை சொன்ன. நிறைய பேருக்குத் தெரியாது." பரிமாறுகிறவரிடம் பாலாடைக்கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, ஆலிவ்வை அப்பா பக்கம் நகர்த்தினாள். அவருக்கு அது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நுவாலாவுக்குத் தெரியாது.

சுட்ட மத்தி மீன் வந்தது. அப்போதுதான் அது நடந்தது.

கோர்மக்குக்கு முள் எடுக்கத் தெரியாது. நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், கார்க்கின் எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்புவார், ஒரு மீனைப் பிரிக்கத் தெரியாது. நோரீன்தான் பிரித்துக் கொடுப்பாள். அவள் போன பிறகு அவர் முள் இருக்கிற மீனையே தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நுவாலா கொண்டுபோய்க் கொடுப்பதெல்லாம் முள்ளில்லாத துண்டு மீன்தான்.

டிம்ப்னா க்ளோடாவிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே, கத்தி நுனியால் ஒரு மத்தியைப் பிளந்தாள். முதுகெலும்பு முழுசாக, சீப்பு மாதிரி வந்தது. சதையை அப்பாவின் தட்டில் வைத்தாள். அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நன்றி சொல்லாததுதான் நுவாலாவைக் குத்தியது. இது முதல் தடவை இல்லை என்று அர்த்தம்.

சாப்பிடச் சாப்பிட அப்பாவுக்குப் பேச்சு வந்தது. ஒரு தடவை பன்றிக்குட்டியோடு பேருந்தில் ஏறிய விவசாயி, அதற்கு அரை டிக்கெட் கேட்டு வாதாடியது. நுவாலா சின்ன வயதில் ஆயிரம் தடவை கேட்ட கதை. அதன் முடிவுக்கு வரும்போது அவரே அடக்க முடியாமல் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் அம்மாவோடு புதைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். மூன்று வருஷமாக வாரம் தவறாமல் சூப்பு வைத்துக் கொண்டுபோனவள் அவள். சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் அவள். மருத்துவரிடம் கூட்டிப்போனவள் அவள். அத்தனை செய்தும் அந்த வீட்டில் ஒரு புன்னகைக்கு மேல் அவளால் வரவழைக்க முடிந்ததில்லை. இவள் ஒரு மத்தியைப் பிளந்தாள், அவ்வளவுதான்.

க்ளோடா எழுந்து எல்லாரையும் படம் எடுத்தாள். குடும்பக் குழுவுக்கு உடனே அனுப்பியும் விட்டாள். நுவாலா தன் போனில் அதைத் திறந்து பார்த்தாள். அப்பாவும் டிம்ப்னாவும் வெயிலில் சிரிக்கிறார்கள். ஓரத்தில் தெரிகிற முழங்கை அவளுடையது.



இக்கரைக்கு வந்து டிராம் ஏறினார்கள். மாலை நெருக்கடி. உட்கார இடமில்லை. அப்பாவும் டிம்ப்னாவும் முன்னால் போய்விட்டார்கள். க்ளோடா ஒரு தூணுக்குப் பின்னால் ஒடுங்கினாள். நுவாலா நடுவில், ஜன்னலோரம், இரண்டு மூன்று பேருக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

செங்குத்தான தெரு. டிராம் ஒரு வளைவில் குலுங்கித் திரும்பியது. அப்பா தடுமாறினார். டிம்ப்னா ஒரு கையால் மேலே இருந்த வாரைப் பிடித்து, இன்னொரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்துத் தாங்கினாள். நெஞ்சுக்கு நேரே இருந்த பை நழுவி இடுப்புக்குப் பின்னால் போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை.

டிம்ப்னாவுக்குப் பக்கத்தில் நின்றவன் பார்க்க நல்ல மனிதனாக இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மடித்துப் போட்ட கோட்டு. அந்தக் கோட்டுக்கு அடியிலிருந்து விரல்கள் வெளியே வருவதை நுவாலா பார்த்தாள். பையின் ஜிப் மெல்லத் திறப்பதைப் பார்த்தாள்.

டிம்ப்னா, பை. இரண்டே வார்த்தை. வாய்வரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அப்பா குனிந்து டிம்ப்னாவின் காதில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நுவாலா வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு தடவையாவது இவளுக்கு ஏதாவது தொலையட்டும். ஒரு தடவையாவது நாலு பேர் நடுவில் இவள் முகம் சிவந்து நிற்கட்டும். அவள் நினைத்தது அவ்வளவுதான். அதை நினைத்து முடிக்கும் முன்பே டிராம் நின்றது, கதவு திறந்தது, கோட்டுக்காரன் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டான். அவன் கோட்டுக்கு அடியில் நீலமாக ஏதோ மின்னி மறைந்தது.

நீலம் என்றதும்தான் அவளுக்கு உறைத்தது. சுருக்குப் பை. காலையில் அவள் சொல்லித்தான் எடுத்து வந்தது. அதற்குள் இருப்பது டிம்ப்னாவின் பாஸ்போர்ட் மட்டுமில்லை.

அப்போதாவது கத்தியிருக்கலாம். டிராமை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எப்போது பார்த்தாய் என்று கேட்பார்களே என்ற பயம் அவளைத் தடுத்தது. டிராம் மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.



இறங்கிய பிறகு, அப்பாவுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுக்க டிம்ப்னா பைக்குள் கையை விட்டாள். கை உள்ளேயே நின்றது. அவள் முகம் வெளிறிப்போனதை நுவாலா பார்த்தாள். பார்க்க ஆசைப்பட்ட முகம்தான். பார்க்க முடியவில்லை.

"கோர்மக், உன்னுதும் அதுலதான் இருந்துச்சு" என்றாள் டிம்ப்னா. முதலில் வந்த வார்த்தையே அவரைப் பற்றித்தான்.

அப்பாதான், போனது காகிதம்தானே, ஆள் முழுசாக இருக்கிறோமே என்றார்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே இருக்கிற போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். இளம் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். எந்த டிராம், எந்த இடம், பையில் என்னென்ன. கடைசியில் தலை நிமிர்ந்து, திருடியவனை உங்களில் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள்.

நுவாலா குனிந்து மேசையைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள் டிம்ப்னா. "யாரும் பாக்கல. என் கவனக்குறைவுதான்."

க்ளோடாவுக்கு மனசு கேட்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை, அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நடக்கும் என்று டிம்ப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "பாவம், அக்கா தினமும் தொண்டை வத்தக் கத்திட்டுத்தான் இருந்தா, பையை முன்னாடி வைங்கன்னு. நாமதான் காதுல போட்டுக்கல" என்றாள்.

அப்பா மகளின் தோளில் கை வைத்தார். "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார்.

கார்க்கிலிருந்து கிளம்பிய நிமிஷத்திலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை. அது வந்து விழுந்த இடத்தில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது.

தூதரகம் மறுநாள் காலையில்தான் திறக்கும் என்றாள் போலீஸ்காரி. தற்காலிகப் பாஸ்போர்ட் கொடுப்பார்கள், ஆனால் கைக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். நாளைக் காலை விமானத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஏற முடியாது.

"நான் அப்பாகூட இருக்கேன்" என்றாள் நுவாலா. வேலைக்குச் சொல்லிக்கொள்ளலாம், டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். பேசப் பேசக் குரல் உயர்ந்தது.

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். "நீ எதுக்கும்மா? வேலை பாக்கற கடையில உனக்கு லீவு கிடையாது. க்ளோடாவைக் கூட்டிக்கிட்டுப் போ. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

நாங்க ரெண்டு பேரும். இந்த ஊரில், இன்னும் சில நாள், அவர்கள் இரண்டு பேர் மட்டும். அப்பாவின் முகத்தில் கவலை இல்லை. பள்ளிக்கூடம் எதிர்பாராமல் விடுமுறை விட்டதுபோல் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த விடுமுறையை விட்டவள் தான்தான் என்று நுவாலாவுக்கு விளங்கியது.



தூதரகத்துக்குப் படம் வேண்டுமே என்று அப்பாவும் க்ளோடாவும் எதிர்க் கடைக்குள் போனார்கள். டிம்ப்னா தெருவோர பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தட்டி இடம் காட்டினாள். நுவாலா உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போகிற வருகிற ஆட்களைப் பார்த்தார்கள்.

"டிராம்ல ஜன்னல் கண்ணாடியில உன் முகம் தெரிஞ்சுது" என்றாள் டிம்ப்னா. அதே அதட்டாத குரல். "அவனை நான் பாக்கல, நுவாலா. உன்னைத்தான் பாத்தேன். என் இடுப்புப் பக்கமா எதையோ பாத்துக்கிட்டு நின்ன. நீ என்னத்தைப் பாக்கறேன்னு அப்ப எனக்குப் புரியல."

நுவாலாவின் கைகள் மடியில் கிடந்தன.

"போலீஸ்ல நீங்க ஏன் சொல்லல?"

"உங்கப்பா பக்கத்துல நின்னுட்டிருந்தாரே."

"நான் அவர் பாஸ்போர்ட்டை மறந்துட்டேன்" என்றாள் நுவாலா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான வாக்கியம் என்று தெரிந்தது.

"அப்ப என்னோடது மட்டும் இருந்திருந்தா பரவாயில்லையா?"

டிம்ப்னா பதிலுக்காகக் காத்திருக்காமல் காலை நீட்டி, தன் சாம்பல் நிறக் காலணியின் நுனியைப் பார்த்தபடி பேசினாள். தன் கணவர் இறந்த பிறகு தன் மகனும் இப்படித்தான், யாரையும் வீட்டு வாசல் ஏற விட்டதில்லை என்றாள். அவனோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது என்றாள். இதை அவள் இதுவரை யாரிடமும், அப்பாவிடம்கூட, சொன்னதில்லை போலிருந்தது.

"நானா அவர்கிட்ட சொல்ல மாட்டேன். அது உன் வேலை" என்றாள் கடைசியில். "ஆனா அவரே கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு தடவை சொல்லிட்டேன். அது போதும்."

கடைக் கதவு திறந்தது. அப்பா படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். சிறைக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கிறது, இதைப் பார்த்தால் தூதரகத்தில் உள்ளேயே விட மாட்டார்கள் என்று சிரித்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேருந்தின் கண்ணாடியில் பின் இருக்கைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

"என்ன, ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

டிம்ப்னா நுவாலாவின் பக்கம் திரும்பாமலே எழுந்து, பெஞ்சில் தன் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு, க்ளோடாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"உக்காருங்கப்பா" என்றாள் நுவாலா.

கோர்மக் உட்கார்ந்தார்.